நீலமலையில் நாலு குடிகள் வளர்த்த கலை

கோடை பிறந்தால் போதும். ரயிலிலும் பஸ்ஸிலும் காரிலும் கூட்டம் கூட்டமாக மக்கள் நீலகிரிக்கு ஏறுகிறார்கள். உதகமண்டலம் பூங்காவில் பூப் பார்க்கிறார்கள். ஏரியில் படகு விடுகிறார்கள். தொட்டபெட்டாவின் உச்சியில் நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். பிறகு வர்க்கியும் தேயிலையும் தைலமும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள்.

“ஊட்டியைப் பார்த்துவிட்டோம்!” என்று ஊரில் வந்து சொல்கிறார்கள்.

உண்மையில் பார்த்தது பாதிதான்!

அந்தப் பூங்காவின் மேல் எல்லைக்குப் போனால், அங்கே ஒரு சின்னஞ்சிறு குடியிருப்பு இருக்கிறது. “மந்து” என்று அதற்குப் பெயர். தோடர்கள் வாழும் இடம். பூங்கா வருவதற்கு முன்பே, வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பே, இந்த மலையில் மந்துகள் இருந்தன. அங்கே ஒரு பெண் வாசலில் அமர்ந்து, வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பூ வேலை செய்துகொண்டிருப்பாள். கோடு போட்டுக்கொள்ள மாட்டாள். அளவுகோல் வைத்துக்கொள்ள மாட்டாள். மாதிரிப் படம் எதுவும் பார்க்க மாட்டாள். ஊசி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த ஊசி வேலையைப் போல இன்னும் பல கலைகள் இந்த மலையில் உண்டு. அவை எப்படிப் பிறந்தன? எப்படி வாழ்ந்தன? ஏன் வாடின? மறுபடியும் எப்படித் துளிர்க்கின்றன? அந்தக் கதை, மலையின் அழகைப் போலவே பார்க்கத் தகுந்தது.

மலை ஏறும் ரயில்

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலத்துக்கு ரயில் பாதை 46 கிலோமீட்டர் நீளம். 250 பாலங்கள், 16 குகைகள்! 1899ஆம் ஆண்டில் குன்னூர் வரை ரயில் ஓடியது. 1908இல் உதகைக்கே வந்துவிட்டது. கல்லாறு முதல் குன்னூர் வரை ஏற்றம் மிகக் கடுமை. அதனால் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டங்களைப் பதித்திருக்கிறார்கள். எஞ்சினில் உள்ள பல்சக்கரம் அந்தப் பற்களைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. 2005இல் இந்த ரயில் பாதையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது.

கீழே பாக்குத் தோப்பு. அதற்கு மேலே அடர்ந்த காடு. இன்னும் மேலே தேயிலைத் தோட்டம். உச்சியில் அலை அலையாகப் புல்வெளி. புல்வெளிகளின் மடிப்புகளில் சின்னச் சின்னச் சோலைகள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை குறிஞ்சி பூக்கும்போது சரிவுகள் எல்லாம் நீலம் போர்த்திக்கொள்ளும். 2006இல் அப்படிப் பூத்தது. 2018இலும் பூத்தது. தொட்டபெட்டா சிகரத்தின் உயரம் 2,637 மீட்டர்.

கோவை ஜில்லா கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் இந்த மலைக்கு வந்தார். குளிர்ந்த காற்று அவருக்குப் பிடித்துவிட்டது. வீடு கட்டினார். அவருக்குப் பின்னால் வெள்ளைக்காரர் பலர் வந்தார்கள். ஊர் வளர்ந்தது. அதனால் “நீலகிரியைக் கண்டுபிடித்தவர் சல்லிவன்” என்று சிலர் சொல்வது உண்டு.

ஆட்கள் குடியிருக்கும் வீட்டை யாராவது கண்டுபிடிக்க முடியுமா?

1603ஆம் ஆண்டிலேயே பினீசியோ என்ற பாதிரியார் மலையாளக் கரையிலிருந்து ஏறி வந்து, இங்குள்ள மக்களைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். அதற்கும் வெகு காலம் முன்பு, 1117ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு ஹொய்சளக் கல்வெட்டிலேயே தோடர்களின் பெயர் வருகிறது. ஆக, தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இவர்கள் இந்த மலைக்குச் சொந்தக்காரர்கள்.

பணம் இல்லாத சந்தை

மலையில் பல குடிகள் உண்டு. இருளர், பனியர், காட்டுநாயக்கர் ஆகியோரும் இருக்கிறார்கள். ஆனால் மேல்மலையின் கலைக் கதையில் முக்கியமாக வருவோர் நால்வர்.

தோடர் எருமை வளர்ப்பவர்கள். பாலும் நெய்யும் அவர்களது செல்வம். கோத்தர் கைத்தொழில்காரர்கள். இரும்பு அடிப்பார்கள், மரம் செதுக்குவார்கள். அவர்களது பெண்கள் பானை வனைவார்கள். மேளமும் குழலும் வாசிப்பவர்களும் கோத்தரே. படுகர் உழவர்கள். சாமையும் கேழ்வரகும் விளைப்பார்கள். குறும்பர் காட்டைக் கரைத்துக் குடித்தவர்கள். தேன், மூங்கில், கூடை, மூலிகை எல்லாம் அவர்களிடம் கிடைக்கும். பேய் பிசாசை ஓட்டும் மந்திரமும் அவர்களுக்குத்தான் தெரியும் என்று மற்றவர்கள் நம்பினார்கள்.

இந்த நால்வரும் பல தலைமுறைகளாகப் பணம் இல்லாமல் கொடுக்கல் வாங்கல் செய்தார்கள்.

படுகரின் நிலத்தை உழக் கொழுவும் கொத்தும் வேண்டும். கோத்தர் அடித்துக் கொடுப்பார்கள். அறுவடையானதும் படுகர் தானியம் அளப்பார்கள். தோடர் வீட்டில் சாவு விழுந்தால் கோத்தர் போய் வாசிப்பார்கள். தோடர் நெய் கொடுப்பார்கள். விதைக்கும் நாளில் படுகர் நிலத்துக்குக் குறும்பர் வந்து பூசை செய்வார்கள். அவர்களுக்கும் பங்கு உண்டு. இது கடைக்குக் கடை மாறும் வியாபாரம் அல்ல. இன்ன குடும்பத்துக்கு இன்ன குடும்பம் என்று தந்தை வழியில் மகனுக்கு வந்த உறவு.

நான்கு குடிகளுக்கும் நான்கு பேச்சு. ஒருவர் பெண்ணை ஒருவர் கொள்வதில்லை. பூசல் இல்லாமலும் இல்லை. ஆனாலும் ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு வாழ்வும் இல்லை, சாவும் இல்லை!

இந்தத் தேவைதான் கலைகளுக்கு நீர் பாய்ச்சியது. மேடையில் ஏற்றிக் கைதட்டுவதற்காக இங்கே யாரும் குழல் ஊதவில்லை. சுவரில் மாட்டுவதற்காக யாரும் தைக்கவில்லை. பிறப்புக்கும் இறப்புக்கும் விதைப்புக்கும் வழிபாட்டுக்கும் அவை வேண்டியிருந்தன. ஆகையால் வாழ்ந்தன.

கோடு போடாத பூ வேலை

முதலில் தோடரின் போர்வையைப் பார்ப்போம்.

“பூத்துக்குளி” என்று அதற்குப் பெயர். ஆணும் பெண்ணும் உடலைச் சுற்றிப் போர்த்திக்கொள்வார்கள். துணியை அவர்கள் நெய்வதில்லை. கீழ்நாட்டுத் தறியில் நெய்த தடித்த வெள்ளைப் பருத்தித் துணியை வாங்குவார்கள். அதில் சிவப்பும் கறுப்புமாகப் பட்டைகள் இருக்கும். அந்தப் பட்டைகளை ஒட்டித்தான் பெண்கள் ஊசி வேலை செய்வார்கள்.

துணியில் நெடுக்கு இழை உண்டு, குறுக்கு இழை உண்டு. தையற்காரி அந்த இழைகளை விரலால் தொட்டு எண்ணுகிறாள். இத்தனை இழை விட்டு ஊசியை ஏற்று. இத்தனை இழை விட்டு இறக்கு. அவ்வளவுதான் கணக்கு. ஓர் இழை தப்பினால் கோலம் கோணிப்போகும்! ஆனாலும் கோடும் இல்லை, சட்டமும் இல்லை. எண்ணிக்கை எல்லாம் மனத்திலேயே இருக்கிறது. பெண் குழந்தைகள் தாயின் பக்கத்தில் அமர்ந்து, பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்கிறார்கள்.

எருமைக் கொம்பு, சூரியன், சந்திரன், மயிற்பீலி, வண்ணத்துப்பூச்சி, தேனடை. இவைதான் அவர்கள் தைக்கும் கோலங்கள். தினமும் கண்ணில் படுகிறவையே துணியில் ஏறுகின்றன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தைக்கும்போது நூல் சின்னச் சின்னச் சுருளாக மேலெழுந்து நிற்கும் பக்கம் ஒன்று. வழவழப்பாக இருக்கும் பக்கம் ஒன்று. நாம் வழவழப்பான பக்கத்தைத்தான் வெளியே காட்டுவோம். தோடர்களோ சுருள் எழுந்த பக்கத்தையே மேற்புறமாகக் கொள்கிறார்கள். தொட்டால் மெத்தென்று இருக்கும். பார்த்தால் தைத்ததா, தறியில் நெய்ததா என்று தெரியாது.

ஒரு போர்வை முடிய வாரக் கணக்கில் ஆகும். வேலை நெருக்கமாக இருந்தால் மாதக் கணக்கிலும் ஆகும்.

இத்தனை பாடுபட்டுத் தைத்த போர்வையில் மிகச் சிறந்தது யாருக்கு? மணமகளுக்கா? ஊர்ப் பெரியவருக்கா? இல்லை. இறந்தவருக்கு! தோடர் மரபில் இறந்தவரின் உடலைப் பூ வேலை செய்த போர்வையால் சுற்றித்தான் வழியனுப்புவார்கள். மறு உலகத்துக்குப் போகிறவர் வெறுங்கையோடு போகக்கூடாது அல்லவா?

புல் வேய்ந்த கோயில்

தோடரின் பழைய வீடு, பெரிய பீப்பாயைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்ததுபோல் இருக்கும். மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துக் கட்டி, மேலே புல் வேய்ந்திருப்பார்கள். வாசல் மிகவும் சிறியது. குனிந்து போனால் போதாது, தவழ்ந்துதான் போக வேண்டும். குளிர் காற்றும் காட்டு விலங்கும் உள்ளே வராமல் இருக்க அந்த ஏற்பாடு.

அவர்களது கோயிலும் இதே வகைதான். அது வெறும் கோயில் அல்ல, பால்மனையும் அதுவே. புனித எருமைகளின் பாலைக் கடைவதே அங்கே வழிபாடு. பூசாரிதான் பால் கறப்பார், கடைவார். எருமை தோடருக்கு வெறும் மாடு அல்ல, தெய்வத்தின் கொடை. தோடர் இறைச்சி உண்பதில்லை.

உதகைக்கு அருகே முத்தநாடு மந்தில் உள்ள கோயில், கூம்பு வடிவில் ஓங்கி நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் புல்லால் செய்த கோபுரம் போலத் தெரியும். மார்கழி, தை மாதங்களில் “மொற்பர்த்” என்ற பண்டிகை அங்கே நடக்கும். பல மந்துகளிலிருந்து ஆண்கள் கூடுவார்கள். எல்லோரும் பூத்துக்குளி போர்த்தியிருப்பார்கள். வட்டமாகக் கைகோத்து நின்று பாடி ஆடுவார்கள். மேளம் கிடையாது, குழல் கிடையாது. குரல்தான் தாளம்! பிறகு இளைஞர்கள் உருண்டையான கனத்த கல்லைத் தோளுக்குத் தூக்கித் தங்கள் வலுவைக் காட்டுவார்கள்.

அவர்களது பாட்டில் ஓர் அதிசயம் உண்டு. மனப்பாடம் செய்த பாட்டைப் பாடுவதோடு அவர்கள் நிற்பதில்லை. நடந்த சம்பவத்தை வைத்து அங்கேயே, அப்போதே பாட்டுக் கட்டுவார்கள். ஓர் எருமை தொலைந்து கிடைத்தால் அதற்கு ஒரு பாட்டு. ஒருவர் இறந்தால் அவரைப் பற்றி ஒரு பாட்டு. சொற்கள் இரண்டு இரண்டாக ஜோடி சேர்ந்து வரும். ஒன்றைச் சொன்னால் அதன் ஜோடியும் வந்தாக வேண்டும்.

கனடா நாட்டில் பிறந்த எமனோ என்ற மொழி அறிஞர், 1930களில் இந்த மலையில் தங்கி அந்தப் பாட்டுகளைக் கேட்டு எழுதிக்கொண்டார். 1971இல் அவை பெரிய புத்தகமாக வெளிவந்தன. எழுத்தே இல்லாத மொழியில் இத்தனை கவிதையா என்று படித்தவர்கள் வியந்தார்கள்.

2011ஆம் ஆண்டுக் கணக்குப்படி தோடர்கள் ஏறக்குறைய 2,000 பேர். உலகத்திலேயே அந்த மொழியைப் பேசுகிறவர்கள் அவ்வளவுதான்.

கோத்தரின் குழல்

கோத்தகிரி என்ற ஊர்ப் பெயரிலேயே கோத்தர் இருக்கிறார்கள். பழங்காலம் தொட்டு அவர்களுக்கு ஏழு ஊர்கள். உதகைக்கு அருகே கொல்லிமலை என்ற ஊரும் அவற்றில் ஒன்று. நாமக்கல் பக்கத்துக் கொல்லிமலை வேறு, இது வேறு.

கோத்தர் செய்யாத தொழில் இல்லை. கொல்லு வேலை, தச்சு வேலை, தோல் வேலை எல்லாம் தெரியும். இத்தனை தொழிலும் ஒரே குடியில் இருப்பது அபூர்வம். பானை வனைவது மட்டும் பெண்களின் வேலை.

கோத்தரின் குழலுக்குக் “கொள்” என்று பெயர். நம் நாகசுரத்துக்குத் தம்பி என்று சொல்லலாம். வளைந்த பித்தளைக் கொம்பும் உண்டு. இருபுறமும் தோல் கட்டிய மேளங்கள், ஒருபுறம் மட்டும் தோல் கட்டிய தப்பு, ஜால்ரா எல்லாம் சேர்ந்து முழங்கும். மேளத்தையும் கொம்பையும் தயாராக வைத்துக்கொண்டு காத்திருப்பவர்கள், குழல் எழும்பியதும் சேர்ந்துகொள்வார்கள்.

அவர்களது இசையில் கண்டிப்பான பிரிவுகள் இருக்கின்றன. தெய்வத்துக்கு உரிய மெட்டு ஒரு வகை. ஆட்டத்துக்கு உரிய மெட்டு ஒரு வகை. இறப்புக்கு உரிய மெட்டு ஒரு வகை. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வாசிப்பது இல்லை. திருவிழாவில் சாவு மெட்டைக் கேட்க யாருக்குத்தான் மனம் வரும்?

அய்யனோர், அம்மனோர் என்று தங்கள் தெய்வங்களைக் கோத்தர் அழைக்கிறார்கள். மார்கழி, தை மாதங்களில் அவர்களுக்குப் பெருவிழா. ஊர் நடுவே தீ மூட்டி, அதைச் சுற்றி ஆண்கள் ஆடுவார்கள். பெண்களும் தங்கள் முறை வரும்போது ஆடுவார்கள். கோயிலின் கூரையைப் புதுப்பிக்கும் சடங்கும் அந்த விழாவில் உண்டு. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் விடுமுறை எடுத்துக்கொண்டு வந்து சேருவார்கள்.

பாறையில் எழுதிய படம்

மலையின் கிழக்குச் சரிவில் கோத்தகிரிக்குக் கீழே வெள்ளரிக்கொம்பை என்ற இடம் இருக்கிறது. அங்கே உள்ள செங்குத்தான பாறையில் பழங்காலத்து ஓவியங்கள் இருக்கின்றன. “எங்கள் முன்னோர் எழுதியவை” என்று குறும்பர்கள் சொல்கிறார்கள்.

குறும்பரின் ஓவியம் வீட்டுச் சுவரிலும் வழிபாட்டு இடத்துச் சுவரிலும் வளர்ந்தது. கடையில் விற்கும் வர்ணம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. செம்மண் குழைத்தால் சிவப்பு. கரியைப் பொடித்தால் கறுப்பு. இலையைக் கசக்கினால் பச்சை. வேங்கை மரத்தைக் கீறினால் வடியும் பால், காய்ந்தால் அழகான பழுப்பு நிறம். காடே அவர்களது வர்ணப் பெட்டி!

என்ன வரைவார்கள்? அறுவடை, கூத்து, யானை, புலி, கோயில். எல்லாவற்றுக்கும் மேலாகத் தேன் எடுக்கும் காட்சி.

அந்தக் காட்சியை வரையாமல் இருக்க முடியாது. மலைத்தேனீ உயரமான பாறைமுகட்டில் கூடு கட்டும். காட்டுக் கொடிகளைப் பின்னிக் கயிற்று ஏணி செய்வார்கள். இருட்டில் புகை மூட்டி, அந்த ஏணியில் தொங்கிக்கொண்டு ஒருவன் கீழே இறங்குவான். கீழே பார்த்தால் பாதாளம். மேலே கயிற்றைக் காப்பது யார் தெரியுமா? அவனுடைய மைத்துனன்! தன் அக்காள் தங்கையின் தாலிக்குத் தீங்கு வர எந்த உடன்பிறந்தவன் விடுவான்? அதனால் அந்தக் காவல் அவனுக்கு. தேனீக்களைப் பார்த்துப் பாடுவதும் வழக்கம்.

ஓர் உயிர் கயிற்றில் தொங்கும்போது பாடும் பாட்டு, பொழுதுபோக்குப் பாட்டு ஆகுமா?

வெள்ளை உடுத்த திருவிழா

படுகர்கள் மலை முழுவதும் நூற்றுக்கணக்கான ஊர்களில் பரவி வாழ்கிறார்கள். அவர்களது முன்னோர் மைசூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்று வழிவழிக் கதைகள் சொல்கின்றன. எத்தையம்மன் அவர்களது மூதாய்த் தெய்வம். மார்கழி, தை மாதங்களில் கோத்தகிரிக்கு அருகே உள்ள பேரகணியில் எத்தையம்மன் திருவிழா நடக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைத் தலைப்பாகை, வெள்ளைச் சேலை! கையில் தடியும் குடையுமாக, ஊர் ஊராக மக்கள் நடந்து வருவார்கள். பச்சைத் தேயிலைச் சரிவில் அந்த வெள்ளை வரிசை நெளிந்து போவதைக் கண்டால் கண் குளிரும்.

படுகர் ஆட்டமும் பெயர் பெற்றது. சிறுவர் முதல் கிழவர் வரை ஒரே வட்டத்தில் ஆடுவார்கள். கால் மாறினால் எல்லாக் கால்களும் ஒன்றாக மாறும்.

கயிறு அறுந்தது

இப்படி நால்வரும் பின்னிப் பிணைந்து வாழ்ந்த கயிறு, மெல்ல மெல்ல அறுந்தது.

முதலில் பணம் வந்தது. பிறகு சந்தை வந்தது. கோத்தர் அடித்த கொத்துக்குப் பதிலாகத் தொழிற்சாலைக் கொத்து வந்தது. மண் பானைக்குப் பதிலாக அலுமினியப் பாத்திரம் வந்தது, எவர்சில்வர் வந்தது. சாமை விளைந்த நிலத்தில் உருளைக்கிழங்கும் தேயிலையும் ஏறின. தானியமே இல்லையென்றால் எதை அளந்து கொடுப்பது?

1930களில் படுகர் பலர், “இனிச் சாவு வீட்டுக்குக் கோத்தர் மேளம் வேண்டாம்” என்று முடிவு செய்தார்கள். பழைய வழக்கத்தை விடுவதுதான் நாகரிகம் என்று அப்போது படித்தவர்களுக்குத் தோன்றியது. மற்றவர்களுக்கு அதில் சம்மதம் இல்லை. ஊருக்குள் பெரிய தகராறுகள் நடந்தன. கடைசியில் புதிய முடிவே நிலைத்தது.

இதில் யாரைக் குறை சொல்வது? சாவு வீடுகளில் வாசித்தும் அடிபணிந்தும் பிழைத்த கோத்தருக்கு அந்த நிலை மனக்கசப்பையும் தந்திருந்தது. மேளம் வாசிப்பவர் என்ற காரணத்தாலேயே அவர்களைத் தாழ்வாக நினைத்தவர்கள் உண்டு. பழைய உறவில் பாசமும் இருந்தது, ஏற்றத்தாழ்வும் இருந்தது. அது அறுந்தபோது இரண்டுமே போயின. மானம் மிஞ்சியது. ஆனால் வாசித்தவனுக்கு அழைப்பு இல்லாமல் போயிற்று.

அதன் பிறகு கோத்தர் என்ன செய்தார்கள்? பிறருக்காக வாசிப்பது குறைந்தது. தங்கள் தெய்வத்துக்காக வாசிப்பதை விடவில்லை. அடுத்தவரின் சாவுக்கு முழங்கிய குழல், தங்கள் சொந்தத் திருவிழாவில் இன்னும் முழங்குகிறது. படித்து உத்தியோகம் பார்க்கிறவர்களும் கையில் குழலை எடுத்துக்கொண்டு வாசலில் அமர்கிறார்கள்.

ஊசிக்குக் கிடைத்த புதிய வேலை

தோடரின் ஊசிக்கும் இதே சோதனை வந்தது. போர்வைக்குப் பதிலாகக் கம்பளிச் சட்டை வந்த பிறகு, தினம் தினம் பூத்துக்குளி போர்த்துகிறவர் குறைந்தார்கள். ஆனால் பெண்கள் ஊசியைக் கீழே வைக்கவில்லை. அதே கோலத்தைச் சால்வையிலும் கைப்பையிலும் மேசை விரிப்பிலும் தைத்தார்கள். வெளியூர்க்காரர் விரும்பி வாங்கினார்கள்.

2013இல் தோடர் பூ வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரை மல்லிக்கும் காஞ்சிபுரம் பட்டுக்கும் உள்ள அதே சட்டக் காவல்! தோடர் அல்லாதார் செய்த சரக்கைத் தோடர் பூ வேலை என்று பெயர் சொல்லி விற்கக் கூடாது.

சட்டம் வந்துவிட்டது. ஆனால் சந்தையில் இயந்திரத்தில் தைத்த போலியும் இருக்கிறது. இயந்திரம் ஒரு நாளில் தைத்துத் தள்ளுவதைக் கை எத்தனை வாரம் தைக்க வேண்டும்! விலையில் கை எப்படிப் போட்டி போடும்?

குறும்பரின் ஓவியமும் சுவரிலிருந்து காகிதத்துக்கும் துணிக்கும் இறங்கியிருக்கிறது. முன்பு மண் சுவர் இடிந்தால் படமும் போய்விடும். இப்போது அது ஊர் கடந்து போகிறது. வரைகிறவரின் வீட்டில் அடுப்பு எரிகிறது.

ஆக, கலைக்கு மறுபடியும் ஒரு வேலை கிடைத்திருக்கிறது. முன்பு அண்டை வீட்டுப் படுகரும் தோடரும் வாங்கினார்கள். இப்போது மலை ஏறி வருகிறவர்கள் வாங்குகிறார்கள். நாலு குடிகள் பிடித்த கயிற்றின் ஒரு முனை, சுற்றுலாவுக்கு வருகிறவர் கையில் இருக்கிறது!

புல் போனால்?

ஆனால் காசு கொடுத்து வாங்க முடியாத பொருள் ஒன்று உண்டு. அதுதான் புல்.

தோடர் கோயிலின் கூரைக்கு எந்தப் புல்லும் ஆகாது. மேல்மலைச் சதுப்பு நிலத்தில் வளரும் ஒருவகைப் புல்தான் வேண்டும். புல்வெளியின் நடுவே, நீர் ஊறும் பள்ளங்களில் அது முளைக்கிறது. வெள்ளைக்காரர் காலத்திலும் அதற்குப் பிறகும் இந்தப் புல்வெளிகளில் யூகலிப்டஸ், சீகை, பைன் மரங்களை வரிசை வரிசையாக நட்டார்கள். தேயிலையும் பரவியது. “வெறும் புல்தானே, மரம் வைத்தால் நல்லதுதானே” என்று அன்று நினைத்தார்கள். சீகை தானாகவே பரவிப் புல்லை விழுங்கியது. எருமைக்கு மேய்ச்சல் குறைந்தது. கூரைக்குப் புல் தேடி வெகுதூரம் போகவேண்டியதாயிற்று. பழைய வீடுகள் பல ஓட்டு வீடும் கான்கிரீட் வீடும் ஆகிவிட்டன. கோயிலுக்கு மட்டும் இன்றும் புல்லேதான் வேய்கிறார்கள்.

புல் போனால் கூரை போகும். கூரை போனால் கோயில் போகும். எருமை போனால் பாட்டும் பூ வேலையில் வரும் கொம்பும் பொருள் இழந்து போகும்.

“அது மலைக்காரர் கவலை” என்று கீழே இருப்பவர்கள் நினைக்கலாம். அப்படி நினைக்க வழி இல்லை. அந்தப் புல்வெளியும் சோலையும்தான் மழைத் தண்ணீரைப் பஞ்சுபோல் உறிஞ்சிவைத்துக்கொண்டு, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுகின்றன. அந்தக் கசிவு ஓடையாகி, பவானியாகவும் மாயாறாகவும் இறங்கி, பவானிசாகர் அணையில் சேர்கிறது. ஈரோட்டுப் பக்கத்து வயலில் நெல்லும் மஞ்சளும் கரும்பும் விளைவது அந்தத் தண்ணீரால்தான். மேலே ஒரு கோயிலுக்குக் கூரை வேயும் புல், கீழே பல ஆயிரம் வீட்டுச் சோற்றுக்கும் காவல்!

இப்போது பல இடங்களில் சீகை மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்கும் வேலை நடக்கிறது. அது நல்ல செய்தி.

மலைக்குப் போகும்போது

அடுத்த கோடையில் குழந்தைகளோடு நீலகிரிக்குப் போகிறவர்கள், பூங்காவும் படகும் பார்த்த பிறகு ஒரு பகலை இதற்கென்று ஒதுக்கலாம். உதகைக்கு அருகே முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையம் இருக்கிறது. அங்குள்ள காட்சிசாலையில் மலைக் குடிகளின் வீடு, கருவி, உடை, அணிகலன் எல்லாம் காணலாம். சென்னையில் இருப்பவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால், நீலகிரியின் பழங்கால ஈமக்குழிகளில் கிடைத்த பானை மூடிகளைப் பார்க்கலாம். அவற்றின் மேல் மண்ணால் செய்த எருமைகள் நிற்கின்றன!

மந்துக்குப் போனால் சில மரியாதைகள் உண்டு. அது கண்காட்சி அல்ல, குடும்பங்கள் வாழும் இடம். கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. கோயிலுக்கு அருகே தாமாகப் போகக் கூடாது. நம் வீட்டுப் பூசை அறைக்குள் முன்பின் தெரியாதவர் செருப்போடு நுழைந்தால் பொறுப்போமா?

பூ வேலை வாங்குகிறவர்கள், தைத்தவர் கையிலேயே வாங்கினால் நல்லது. இல்லையென்றால் அரசின் பூம்புகார் போன்ற நம்பகமான கடையில் வாங்கலாம். துணியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். இழையைத் தடவிப் பார்க்க வேண்டும். விலை கேட்டதும் பாதிக்குப் பேரம் பேச வேண்டாம். அந்த விலையில் ஒரு தாயின் பல வாரத்து இரவும் பகலும் இருக்கிறது.

குழந்தைகளிடம் அந்தப் போர்வையைக் கொடுத்து, அதிலுள்ள எருமைக் கொம்பைத் தேடச் சொல்லலாம். எத்தனை இழைக்கு ஒரு தையல் என்று எண்ணச் சொல்லலாம். பள்ளிக்கூடம் போகாத பாட்டிமார் மனத்தில் வைத்திருந்த கணக்கு அது. எண்ணத் தொடங்கினால் சிறுவர்களுக்குத் தலை சுற்றும். எண்ணி முடித்தால், அந்தக் கைகளின் மேல் தானாக மரியாதை வரும்.